காலி சாக்குகளை எண்ணியவள்

பெரம்பலூரில் கல்லூரி விடுதி ஒன்று எழுந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த மேஸ்திரி காலி சிமெண்ட் சாக்குகளை உதறி, இருபது இருபதாகக் கட்டி, கம்பிக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கிவைப்பார். அவரை நினைத்தாலே அந்தக் கட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன. நான் திருச்சியில் ஓர் ஆபீஸில் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் எழுப்புகிறவள். தூண், உத்தரம், தளம் எல்லாம் திரையில் நிற்கும். எதற்கு எவ்வளவு சிமெண்ட், அதற்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதில் எவ்வளவு கார்பன் காற்றில் கலந்தது என்று அந்த மாதிரிக் கட்டடமே கூட்டிச் சொல்லிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய்க்குப் பசுமைச் சான்றிதழே கிடைக்கும். கார்பன் குறைவு என்று காட்டினால் போதும்.

சைட்டுக்குப் போயிருந்த ஒருநாள், யாரும் சொல்லாமலே அந்தச் சாக்குகளை எண்ணித் தொலைத்தேன். அந்த விடுதிக்கு எங்கள் திரையில் இருந்ததைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். மேஸ்திரியிடம் கேட்டதற்கு, கட்டடக் கம்பெனி இறக்கியிருந்த எம்-சாண்ட் மணலை ஒரு கை அள்ளித் தண்ணீரில் அலசிக் காட்டினார். பாதி தூசி. எழுதிக்கொடுத்த அளவில் கலந்தால் தூண் பலம் பிடிக்காது, அதனால் ஒவ்வொரு கலவைக்கும் சிமெண்டைக் கூட்டிப் போடுகிறேன் என்றார். அவருக்கு அரியலூர்ப் பக்கம். இருந்த நிலமும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய்விட்டது.

"எங்க கொல்லையத் தோண்டித்தான் மேடம் இந்த மூட்டையில அடைச்சு வருது. அத நான் வீணாக்குவனா? புள்ளைங்க படுத்துத் தூங்கப்போற எடம்ங்க இது."

நேர்மை தலைக்கேறி, உண்மை எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் மாதிரியில் ஏற்றினேன். கார்பன் கணக்கு எகிறியது, சான்றிதழ் கைநழுவும் நிலை. கூட்டத்தில் கம்பெனி மேனேஜர் மணலைப் பற்றி மூச்சுவிடவில்லை. சைட்டில் சிமெண்டை வீணடித்தார்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ஆபீஸுக்கு அடுத்த வேலையைத் தர வேண்டியவரும் அவர்தான். "இருக்கலாம் சார்" என்றேன். அந்த வார்த்தைக்காக என்னை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னித்தால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது. மறுநாளே மேஸ்திரியை நிறுத்திவிட்டார்கள். பழைய எண்ணிக்கையையே திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டேன். காற்றில் போனது போனதுதான். மேல்மாடிகள் அதே மணலில், எழுதிய அளவு சிமெண்டில் எழுந்தன. சான்றிதழும் வந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். மழை பலத்துப் பெய்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்க மேடம், எனக்குத் தெரியும். அது கெடக்கட்டும். மேல்மாடிக்காச்சும் மணல மாத்துனாங்களா?"

"மாத்திட்டாங்கண்ணே" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.