காவல்காரம்மாவின் எலுமிச்சை

எழுபதுகளில் திருவான்மியூர்க் கடலோரத்தில், கருவாட்டு வணிகத்துக்கென ஒரு சிறிய அருங்காட்சியகம் இருந்தது. நெய்தல் திணை படித்துக்கொண்டிருந்த நான் மயிலாப்பூரிலிருந்து அதைப் பார்க்கச் சென்றேன். வாசலில், இரட்டை மூக்குத்தி அணிந்த காவல்காரம்மா உள்ளங்கையில் ஓர் எலுமிச்சையை உருட்டியபடி நின்றார்.

உள்ளே கருவாட்டு வியாபாரப் பெண்கள், தாங்கள் காட்சிக்குக் கொடுத்த கருவாட்டுக் கூடைகளை ஒருவருக்கொருவர் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார்கள். புலால் வாடை அறியாத எனக்குக் குமட்டியது. அவர்கள் முன் மூக்கைப் பொத்த மனம் வராமல் மூச்சை அடக்கி நின்றேன்.

"இன்னாமா, பஸ்ஸுல வந்தது தல சுத்துதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவினார் காவல்காரம்மா. "வா, காத்தாட குந்து." எலுமிச்சையை என் கையில் வைத்தார்.

"பாவம், தண்ணி குடி கண்ணு" என்று அந்தப் பெண்களும் பதறினார்கள்.

நான் அண்ணனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதை வாசலில் நின்று பார்த்தவர் அவர். அந்தப் பொய்க்கு இன்றும் நன்றியுடையேன்.