எங்கள் சுவரில் நின்ற புதுக் கட்சி

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், தெரு திரும்பும் முனையில் இருக்கிறது. அதனால் ஊரில் யார் இறந்தாலும் சேதி முதலில் எங்கள் சுவருக்குத்தான் வரும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதன் மேல் பூப்புனித நீராட்டு விழா, அதன் மேல் மறுபடியும் கண்ணீர் அஞ்சலி. மைதாப் பசையின் ருசிக்கு அப்பாவின் வெள்ளாடுகள் வேறு அதைக் கடித்து இழுக்கும்.

எம்.எஸ்சி. கணிதம் முடித்து வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாம் என்று தீர்மானித்தபோது, முதலில் இந்த முகப்பைத்தான் சரி செய்ய நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயரும் பட்டமும் அந்தச் சுவரில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வர வேண்டும். ஆள் வைக்க வசதியில்லை. நானே சுண்ணாம்பு அடித்தேன். காலி எண்ணெய் டின்களில் குரோட்டன்ஸ் நட்டேன். நடுச்சுவரில் நீல எழுத்தில் பெயர், பக்கத்தில் பட்டம்.

மறுநாள் காலை அப்பாவின் அக்கா, பனவடலிசத்திரத்து அத்தை, நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தாள்.

"ஏலே தம்பி, நம்ம பிள்ள போயிட்டாளாமே!"

நான் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்த பிறகும் அத்தையால் அழுகையைச் சட்டென்று நிறுத்த முடியவில்லை.

நடந்தது இதுதான். புதுச் சுண்ணாம்பைக் கண்ட யாரோ என் பெயருக்கு மேலே ஒரு போஸ்டரை ஒட்டிப் போயிருக்கிறார்கள். அதன் கீழ்ப்பாதியை ஆடு தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது 'கண்ணீர் அஞ்சலி' மட்டும். அதற்கு நேர் கீழே நான், பட்டத்தோடு. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அத்தையின் பக்கத்து வீட்டில் வாசித்துச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. விடிந்ததிலிருந்து அங்கேயே நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் "எம் பிள்ள பேரு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரு தோள்துண்ட எடுத்து இடுப்புல கட்டிட்டுல்லா போனாங்க. படிப்புக்குக் குடுக்க மரியாதைன்னு நெனச்சேன்" என்றார்.

"சாகாதவளுக்கு எதுக்குட்டி போஸ்டரு?" என்று அத்தை என்னிடம் பாய்ந்தாள். "பஸ்ஸு பூரா ஒப்பாரி வச்சிட்டு வந்திருக்கேன். அதே கண்டக்டர் மூஞ்சில எப்படி முழிக்க?"

'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதினால் அதன் மேலேயே ஒட்டுகிற ஊர் இது. ஆனால் ஒரு கட்சிக்காரர் நிறமடித்து 'முன்பதிவு' என்று எழுதிய சுவரை வேறு எவரும் தொடுவதில்லை. பெயின்ட் கடையில், நிறம் தப்பாகக் கலந்து யாரும் வாங்காமல் கிடந்த இரண்டு டப்பாக்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். ஒன்று கத்தரிப்பூ நிறம், மற்றது புளியங்குடி எலுமிச்சை மஞ்சள். சுவரைச் சுற்றிலும் இரண்டு பட்டை, மூலையில் கொட்டை எழுத்தில் 'முன்பதிவு'.

அதன்பின் ஒரு போஸ்டர்கூட வரவில்லை. எட்டாம் நாள், நான் உள்ளே நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தபோது, கரை வேட்டி கட்டிய இரண்டு பேர் வண்டியில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, இது எந்தக் கட்சி? இந்தக் கலரப் பாத்ததே இல்லியே."

அப்பா ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டே, "புதுசு" என்றார்.

"யாரு நிக்கா?"

"எம் மவ."

"எத்தன பேரு சேந்திருக்காங்க?"

அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எண்ணினார். "இப்பம் நாலு."

பின்னால் உட்கார்ந்திருந்தவரும் எட்டிப் பார்த்தார். போர்டில் இருபடிச் சமன்பாடு. அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"பத்தாங்கிளாஸா? எம் பிள்ளையும் கணக்குலதான் அடி வாங்குதா. அனுப்புனா சேத்துக்கிடுவாங்களா?"

"சேத்துக்கிடுவா" என்றார் அப்பா. "ஆனா நீரு கட்சி மாறணுமே, வே."