அம்மா மேடையேறிய ஆட்டம்

என் தாய்மாமா ஊர் ஊராகப் போகும் கார்னிவலில் குஸ்தி போட்டவர். தோற்பதுதான் அவர் வேலை. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் அது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மாத்தளையில் ஆட்டம் பார்க்கப் போன அம்மா, அண்ணன் அடி வாங்குவதைப் பொறுக்காமல் மேடையேறி, எதிராளியைச் செருப்பால் மொத்திவிட்டாள். அவர் சுருண்டு விழுந்தார். மாமா ஜெயித்துவிட்டதாகச் சனம் விசிலடித்தது. பேசி வைத்தது கெட்டுப்போனதால் மாமாவுக்கு வேலை போனது. அதன்பிறகு அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"அண்ணன் பொழப்ப நான்தான் கெடுத்தேன்" என்று அம்மா புலம்புவாள். தேட மட்டும் மாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். போன மாதம், வில்கமுவவுக்கு நெல் ஏற்றப் போன லொறிக்காரர் ஒருவர், காது நசுங்கிய பழைய பயில்வான் ஒருவர் அங்கே வயல் செய்வதாகச் சொன்னார். மறுநாளே பஸ் ஏறினேன்.

அம்மா பேரைச் சொன்னதும் வயலிலிருந்து ஏறி வந்தார்; மாமாவேதான். வரப்பில் நின்ற சிங்களப் பெரியவரைக் காட்டி, "உங்கம்மாகிட்ட அடி வாங்கினவர் இவர்தான். ரெண்டு பேருக்கும் ஒன்னாத்தான் வேலை போச்சு. ஒன்னாத்தான் இங்க வந்தோம்" என்றார். பெரியவர் மண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஏன் மாமா வீட்டுக்கு வரல்ல?"

"நடிச்சு அவள ஏமாத்திட்டேனேன்னு வெக்கம்."

"அம்மா இன்னும் அழுவுறாங்க."

மாமா என் ஃபோனுக்குக் கை நீட்டினார்.

"நான் ஜெயிச்சது அந்த ஒரு ஆட்டந்தான். அத அவகிட்ட நானே சொல்றேன், குடு."