அத்தை தன் மேல் கொடுத்த புகார்

அத்தை நகராட்சி அலுவலகத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது ஒரு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஐந்து மணிவரை நடக்க வேண்டிய பிரிவு உபசாரம் நாலரைக்கே முடிந்துவிட்டது. ஆணையருக்கு வேறொரு கூட்டம் இருந்தது. ஒரு மடக்குக் குடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த அரை மணி நேரத்தில் அத்தை மேசை இழுப்பறையைத் துடைத்தாள், எழுதாத பேனாக்களைத் தூக்கிப் போட்டாள், ஐந்து அடித்ததும் புகார்ப் பதிவேட்டை எடுத்துப் புது குமாஸ்தாவின் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணுகூட பாக்கி இல்லை. புரட்டிப் பாத்துக்க” என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் அப்படிச் சொல்ல முடிந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் உண்மையில்லை என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டு மாடி அறையில்தான் எப்போதும் இருக்கிறாள். நகராட்சியில் அவளுக்குப் புகார்ப் பிரிவு. எரியாத தெருவிளக்கு, ஒழுகும் குழாய், அடைத்த சாக்கடை, மூடாத பூங்காக் கதவு, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். பதிவேட்டில் ஆறு கட்டங்கள். எண், தேதி, யார், எங்கே, என்ன, கடைசியாக ‘முடிந்தது’. அந்த ஆறாவது கட்டத்தில் வேலை பார்த்த அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் விதி. அத்தை வந்த முதல் வருடமே அதை மாற்றிவிட்டாள். அதிகாரியின் கையெழுத்தை அவள் ஓரமாகச் சின்னதாக வாங்கிக்கொள்வாள். கட்டத்துக்குள் புகார் கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக நாலு மணிக்குப் பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேனாவும் ஒரு மைப்பெட்டியுமாகத் தெருத்தெருவாக நடப்பாள்.

ஊரில் அவளுக்குப் பெயரே ‘கையெழுத்தக்கா’. அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டத் தயாராக நின்ற பெண்கள் உண்டு. “விளக்கு எரியுது, இல்லேன்னு சொல்லலை. ஆனா அது எதிர்வீட்டைத்தான் பாக்குது” என்று மூன்று வாரம் கையெழுத்துப் போடாமல் அலையவிட்ட தையல்காரரும் உண்டு. கம்பத்தில் ஆள் ஏறி விளக்கைத் திருப்பிய பிறகுதான் அவர் பேனாவைத் தொட்டார். பொறியாளர் கேலி செய்வார்: “நான் கட்டின பாலம் ஆடினாக்கூட எனக்குத் தூக்கம் வரும் மேடம். உங்க ஆறாவது கட்டம் காலியா இருந்தா வர மாட்டேங்குது.”

இந்தப் பழக்கத்தை ஒட்டி அலுவலகத்தில் இன்னொரு பழக்கமும் வளர்ந்தது. நகராட்சி வண்டி மறுநாள் எங்கே போக வேண்டும் என்ற பட்டியலைத் தினமும் மாலையில் இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஆறாவது கட்டம் காலியாக இருக்கிற இடத்துக்கு வண்டி போகும். நிரம்பிய இடத்துக்குப் போகாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம், ரேடியோக்காரர் வீடு.

ரேடியோக்காரர் பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் சாக்கடை ஓடுகிறது. அதன் மேலிருந்த கான்கிரீட் பலகை நடுவில் உடைந்து ஒரு பாதி உள்ளே விழுந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் எட்டி வைத்துத் தாண்டி வந்தார்கள். ரேடியோக்காரரும் தாண்டினார். அவர் மனைவியால் முடியவில்லை. அந்த அம்மா இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, நாலு கால் உள்ள நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பலகை உடைந்த நாளிலிருந்து அவர் தெருவில் கால் வைக்கவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார். ரேடியோக்காரர் ஒரு பழைய கதவை அறுத்துச் சாக்கடை மேல் போட்டுப் பார்த்தார். துப்புரவு ஆட்கள் அதை அடைப்பு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கும் அவர் ஒரு புகார் கொடுக்க வந்தார். அத்தைதான், “பலகையே வரப்போகுது, கொஞ்சம் பொறுங்க” என்று திருப்பி அனுப்பினாள்.

பலகை வந்தும்விட்டது. அலுவலகத்தின் பின்பக்க முற்றத்தில், ஈரச்சாக்கு போர்த்தி, சுண்ணாம்புக்கட்டியால் வீட்டு எண் எழுதிக் கிடந்தது. அத்தை சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பொறியாளர், “நாளைக்குக் காலையில வண்டியில ஏறிடும் மேடம். நீங்க நிம்மதியாப் போங்க” என்றார்.

அன்று மத்தியானம் அத்தை பதிவேட்டுடன் ரேடியோக்காரர் வீட்டுக்குப் போனாள்.

“நாளைக்கு வரப்போற பலகைக்கு இன்னிக்கே கையெழுத்தா? உங்களுக்கே இது நல்லாருக்கா?” என்றார் ரேடியோக்காரர். திருகாணியை வாயில் கவ்வியிருந்ததால் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

அத்தை பதிவேட்டைத் திரும்பப் பையில் வைக்கப் போனாள். ஜன்னல் பக்கமிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “போட்டுக் குடுங்க. என்னிக்கும் அவங்கதான் நம்மகிட்ட வந்திருக்காங்க. இருபத்திரண்டு வருஷம் நான் டிக்கெட் கிழிச்சிருக்கேன், பஸ் போய்ச் சேந்தப்புறமா காசு வாங்கினேன்? ஏறும்போதே டிக்கெட் குடுக்கிறதுதான்.”

ரேடியோக்காரர் கையெழுத்துப் போட்டார். அத்தைக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்று ஞாபகம் வரவில்லை, வண்டிப் பட்டியல்.

சனிக்கிழமை காலை வண்டி கிளம்பும்போது பட்டியலில் ரேடியோக்காரர் வீடு இல்லை. முற்றத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த பலகையை ஓட்டுநர் பார்த்தார். அத்தை கிளம்பிய பிறகு புது குமாஸ்தா பதிந்த ஒரு புகாருக்காக, பட்டியலில் வேறொரு தெருவுக்கு ஒரு பலகை தேவை என்று இருந்தது. சுண்ணாம்பை அழித்துவிட்டு அங்கே கொண்டுபோய்ப் போட்டார். அவர் மேல் தப்பில்லை. மூடிய புகாருக்கு வண்டி போகாது.

திங்கட்கிழமை காலை, ஓய்வு பெற்றவள் என்ற முறையில் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய அத்தையின் கால்கள் நேரே ரேடியோக்காரர் தெருவுக்குப் போயின. சாக்கடை திறந்தே கிடந்தது. ஜன்னலில் கண்டக்டர் அம்மா கையை ஆட்டினார். “வண்டி லேட்டு போலிருக்கே!”

அத்தை அங்கிருந்து நேராக அலுவலகம் போனாள். முதல்முறையாக மேசையின் இந்தப் பக்கம் நின்றாள். அவளே ஆறு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த புது குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டாள்.

“மேடம், மூடின புகாரைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? திறக்க ஆரம்பிச்சா எல்லாரும் திறப்பாங்கன்னு.”

“சொன்னேன். அப்போ புதுசா ஒண்ணு எழுதிக்க. நான் சொல்றேன்.”

“அந்த வீட்டுல இருக்கிறவங்க வந்து குடுத்தாத்தான் எடுக்கணும். அதுவும் நீங்கதான்...” சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். அத்தையின் முத்து முத்தான கையெழுத்தில் ஐந்து விதிகள் இருந்தன.

ரேடியோக்காரர் வர மறுத்துவிட்டார். அத்தை போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

“வேலை முடிஞ்சதுன்னு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டவன், திங்கட்கிழமை வந்து முடியலைன்னு எழுதிக் குடுத்தா என்ன அர்த்தம்? கையெழுத்தக்கா பொய்க்கையெழுத்து வாங்கினாங்கன்னு அர்த்தம். நான் எழுத மாட்டேன்.”

“வாங்கினது பொய்தானே?”

“அது நமக்குள்ள.”

“நமக்குள்ள வெச்சுக்கிட்டா இவங்க ஜன்னல்லயேதான் இருக்கணும்” என்றாள் அத்தை. கண்டக்டர் அம்மா ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் பேசுகிறவர் பேசாமல் இருந்ததுதான் அத்தையை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

மூன்றாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஊழியர் மேல் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருப்பதாக அம்மாவிடம் சொன்னாள்.

“யார் மேல அண்ணி குடுக்கப்போறீங்க? பொறியாளர் மேலயா?”

“என் மேல.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “ஊர்ல எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் மேல குடுப்பாங்க. இவங்களுக்கு அதுக்கும் வெளிய போக வேண்டாம், கண்ணாடி இருந்தா போதும்” என்றாள். ஆனால் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தியதும் அம்மாதான்.

விண்ணப்பத்தில் ‘புகார் கொடுப்பவர்’, ‘யார் மீது’ என்ற இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தது. புது குமாஸ்தா தலையைச் சொறிந்தாள். “கம்ப்யூட்டர் ஏத்துக்குமான்னு தெரியலை மேடம்.” ஏற்றுக்கொண்டது. கைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

இதுவரை சொன்னதெல்லாம் அத்தையும் கண்டக்டர் அம்மாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லக் கேட்டது. நான் அப்போது வெகுதூரத்தில் இருந்தேன். இனிமேல் வருவது நான் திரும்பி வந்தபின் கூடவே நின்று பார்த்தது.

நாலு மாதம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். வருவாய்ப் பிரிவிலிருந்து இந்த வேலைக்கென்று அனுப்பப்பட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். சாக்கடையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

“பாதிக்கப்பட்டவங்க யாரு?”

“நான்தான்!” என்று ஜன்னலிலிருந்து கை உயர்ந்தது.

“கொஞ்சம் வெளிய வாங்கம்மா. வாக்குமூலம் சம்பவ இடத்துல நின்னுதான் குடுக்கணும்.”

“வெளிய வர முடிஞ்சா எதுக்கு சார் வாக்குமூலம்?”

அதிகாரி யோசித்தார். ஜன்னல் வழியாக எழுதிக்கொள்ளலாமே என்று ரேடியோக்காரர் சொன்னார். அதிகாரி முடியாது என்று தலையாட்டினார். சம்பவ இடம் என்றால் சம்பவ இடம். ஜன்னல் சம்பவ இடம் ஆகாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் கையை அழுத்தினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை வருடம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்.

“அப்போ விசாரணை நடத்த ஏற்பாடு செஞ்சு தரச்சொல்லி பொறியாளருக்குக் கடிதம் எழுதுங்க சார்” என்றாள் பணிவாக. “சாட்சி சம்பவ இடத்துக்கு வர்றதுக்கு வழி வேணும்னு.”

“அதைத்தான் எழுதணும்” என்றார் அவர்.

புகார் என்றால் வரிசையில் நிற்கும். விசாரணைக் கடிதம் வரிசையில் நிற்காது. மூன்றாம் நாள் வண்டி வந்தது. புதுப் பலகை, நாலு ஆட்கள், ஓரத்தில் பூச ஒரு கொத்தனார். பூச்சு காய்வதற்கு ஒரு வாரம் யாரும் மிதிக்கக் கூடாது என்று ரேடியோக்காரர் இரண்டு ரேடியோப் பெட்டிகளைக் குறுக்கே வைத்துக் காவல் இருந்தார்.

எட்டாம் நாள் காலை கண்டக்டர் அம்மா வெளியே வந்தார். நடைச்சட்டத்தின் முன்கால் இரண்டும் பலகை மேல் தட்டின. நின்றார். ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொன்று. பலகையின் நடுவில் வந்ததும் தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது மாதம் அவர் தெருவைப் பாதிதான் பார்த்திருந்தார். ஜன்னலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“இந்தப் பக்கம் மரத்தை வெட்டிட்டாங்களா?” என்றார். அதற்குள் அவர் முகம் சரியாகிவிட்டது. “சரி, போலாம் ரைட்!”

வாக்குமூலத்துக்காக வந்து காத்திருந்த விசாரணை அதிகாரி அங்கேயே எழுதிக்கொண்டார்.

“பலகை உடைஞ்சிருக்காம்மா?”

“இப்போ இல்லையே சார். அதுமேலதானே நிக்கிறேன்.”

“இல்லை” என்று எழுதினார்.

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். கண்டக்டர் அம்மா அதற்குள் தெருவில் பத்தடி போயிருந்தார்; பின்னாலேயே ரேடியோக்காரர், கையில் திருப்புளியோடு, “மெதுவா, மெதுவா” என்று. அத்தை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கண்டக்டர் அம்மா எங்கள் வீட்டுக்கு நடந்து வருகிறார். நாலு தெரு, நாற்பது நிமிடம். வழியில் ஏழு இடத்தில் நின்று பேசுவதையும் சேர்த்து. வந்ததும் அம்மாவிடம், “அண்ணியை இன்னும் வீட்டைவிட்டுத் துரத்தலையா?” என்பார். “நான் துரத்தினா என் மேல புகார் குடுத்துடுவாங்களே” என்பாள் அம்மா. “உன் மேல ஏன் குடுக்கிறேன், எனக்கு நான் இருக்கேன்” என்பாள் அத்தை. இதே மூன்று வசனம்தான் ஒவ்வொரு வாரமும். மூவருக்கும் அலுத்ததில்லை.

பலகை போட்டு ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, அப்படி ஒரு நாளில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் கைபேசி ஒலித்தது. கண்ணாடி மாடியில் இருந்ததால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

‘தங்கள் புகார் விசாரிக்கப்பட்டது. சம்பவ இடத்தில் பலகை நல்ல நிலையில் இருப்பது கண்டறியப்பட்டது. முன்னாள் ஊழியர் மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனத் தள்ளுபடி செய்யப்படுகிறது. புகார் மூடப்பட்டது. நன்றி.’

கண்டக்டர் அம்மா டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அம்மா, “அப்பாடா, நாத்தனார் நிரபராதி” என்றாள். அத்தை சிரிக்கவில்லை. இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“மூடப்பட்டதுன்னா எப்படி? புகார் குடுத்தவ நான். ஆறாவது கட்டத்துல என் கையெழுத்து இல்லையே?”

எழுந்து குடையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கண்டக்டர் அம்மா நடைச்சட்டத்தை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

“இருங்க, நானும் வரேன். சாட்சி வேணாமா?”