பதினான்காம் நம்பர் வீட்டுப் பூனை

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களிடம் சாவியை வாங்கி, குடிவருகிறவர்களிடம் கொடுப்பதுதான் என் உத்தியோகம். நடுவில் ஒரு பூனையையும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வேலையில் சேர்ந்தபோது யாரும் சொல்லவில்லை. மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் கட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மைசூரில் எங்கள் அரசாங்கக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். வீட்டுக்கு ஒரு பட்டியல்: மின்விசிறி இரண்டு, குழாய் நான்கு, தாழ்ப்பாள் ஏழு என்று. எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்குவேன். தொண்ணூறுகளில் எத்தனையோ வீடு எண்ணினேன். எண்ணிக்கை தப்பியது பதினான்காம் நம்பரில் மட்டும்தான்.

குறிப்புக் கட்டம்

பதினான்கில் இருந்த ஹெட் கிளார்க் சந்தானத்துக்கு நாக்பூருக்கு மாற்றல். லாரி வாசலில் நிற்கிறது, நான் குழாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவர் மனைவி மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். செம்பட்டையும் வெள்ளையுமாக ஒரு பூனை கிண்ணத்தில் பால் குடிக்க, மாமி அதையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பெயர் கிட்டுவாம். கூட்டிப் போகவில்லையா என்று கேட்டேன். நாய் என்றால் ஆளோடு வரும், பூனை வீட்டோடுதான் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களாம்.

பட்டியலை நீட்டினேன். பூனையையும் அதில் எழுதினால்தான் அவரைக் கையெழுத்துப் போட விடுவேன் என்றார் மாமி. அதற்கெல்லாம் அதில் இடமில்லை என்றேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தின் அடியில் விரலை வைத்தார்: "குறிப்புன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே, அதுல எழுதுங்கோ. பூனை ஒண்ணு, ரெண்டு வேளை பால், தயிர் ஆகாது."

ஒன்று நாலானது

எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அழுகிற மனுஷியிடம் விதிமுறை பேச எனக்கு வாய் வராது.

அடுத்துக் குடிவந்தவர் ஹாசன்காரர் நாகராஜ். அவர் மனைவி சரோஜம்மா பட்டியலைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் பூனை என்றாலே ஆகாது என்று முகத்தைச் சுளித்தார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நழுவிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அலுவலகத்துக்கே வந்து நின்றார். கிட்டு பரண்மேல் குட்டி போட்டுவிட்டதாம். அது பெண் என்பது அன்றுவரை எனக்கும் தெரியாது. பெயரைக்கூட சுப்பி என்று மாற்றியாகிவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நிற்க, முந்தானையை மெதுவாக விலக்கினார். உள்ளே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கன்னடம் பாதித் தமிழில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஏனு சார், நீங்க ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தீங்க, இப்ப நாலு இருக்கு. நல்ல மனுஷரு இருந்தா ஹேளி, சொல்லுங்க, சும்னே யாருக்கும் நான் கொடுக்கமாட்டேன்."

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டீ

குட்டிகளுக்கு நல்ல மனுஷர்கள் கிடைத்தார்கள். மூன்று வருஷம் போனது. நாகராஜுக்கு ஹூப்ளிக்கு மாற்றல். அவர்கள் சுப்பியை விடுவதாக இல்லை. பட்டியல்படி பூனையை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நாகராஜின் பத்து வயது மகள் பாரதி பூனைக் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டீ குடிக்க லாரி நின்றதாம். கூடையின் மூடி எப்படியோ நெகிழ, சுப்பி கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டதாம். இருட்டும்வரை தேடியிருக்கிறார்கள். பதினோராம் நாள், எலும்பும் தோலுமாக, பாதமெல்லாம் கிழிந்து, பதினான்கின் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மறுமுனையில் பாரதி அழுதாள், இந்தப் பக்கம் நானும் அழுதேன். அது திரும்பி வந்த சந்தோஷமா, அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வந்ததே என்ற வருத்தமா, எதற்கு அழுதேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. விலாசம்: சுப்பி, 14. 'எனக்குக் கோபமில்லை, உனக்கு அந்த வீடுதான் பிடிக்கும் என்று அப்பா சொன்னார்' என்று கன்னடத்தில் எழுதியிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து சுப்பிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் தபால்காரர் முருகேசன் சைக்கிளைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பதில் எழுதுச்சுன்னா குடுங்க சார், நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

மூன்றாம் நம்பர்

கூரை ஒழுகியதால் பதினான்கை யாருக்கும் ஒதுக்காமல் பூட்டி வைத்தார்கள். நான் இருந்தது மூன்றாம் நம்பரில். சுப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாலைக் குடித்தது, வாயைத் துடைத்தது, திரும்பிப் போய்விட்டது. மூன்று தடவை இதே கதை. சரி, உனக்கு வீடுதான் முக்கியம் என்று நானும் விட்டுவிட்டு, இரண்டு வேளையும் அந்தப் படிக்கட்டுக்கே பால் கொண்டுபோனேன். அப்படியே இரண்டு வருஷம்.

ஒரு மார்கழியில் பாலைத் தொடவில்லை. கால்நடை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். போகிற உயிர் தன் வீட்டில் போகட்டும் என்று விதியை மீறிப் பூட்டைத் திறந்து, பழைய சமையலறையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, கதவை ஒருக்களித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அங்கே சாக்கு மட்டும் இருந்தது. சுப்பி ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மூன்றாம் நம்பருக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. நேராக என் மனைவி செல்வியின் மடியில் ஏறிப் படுத்தது. மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. எந்த வீட்டுக் கொல்லையில் புதைப்பது என்றுகூட எனக்குப் புரியவில்லை. மண்வெட்டியோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றேன். பூனை வீட்டோடுதான் இருக்கும் என்று அத்தனை வருஷமாகக் கேட்ட பேச்சு பொய்யா, அல்லது சுப்பிதான் வழி தவறி எங்களிடம் வந்ததா? கொள்ளேகால் பக்கத்துக்காரியான செல்வி, மடியில் அது இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, பூனைக்கு வீடுதான் வேணும், ஆளு வேண்டாம்னு சொன்னது ஆருங்க? கூட்டியாங்க அவங்கள, நான் கேக்கோணும்."

குறைவு

கடைசியில் எங்கள் கொல்லையிலேயே, செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம். இரண்டு மாதத்தில் பதினான்கின் கூரையைச் சரிசெய்து, சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு புதுமணத் தம்பதிக்கு ஒதுக்கினார்கள். எங்கள் டைப்பிஸ்ட் பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே புதுப் பட்டியல் அடிப்பவர். ஒரு எழுத்து விடமாட்டார். நானும் படித்துப் பார்க்காமல் சாவியோடு கொடுத்துவிட்டேன். சாயங்காலம் இருவரும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். பையன் பட்டியலை விரித்து, மரியாதையாகத்தான் சொன்னான்: "எல்லாம் சரியா இருக்குங்க சார், பூனை ஒண்ணு மட்டும் குறையுது. இவ காலையிலேயே பால் வாங்கி வெச்சுட்டா."

குறைவு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்று எழுத அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு. மாமி பெயரா, பாரதி பெயரா, என் பெயரா என்று விளங்காமல் நான் ஓய்வு பெறும்வரை அதைக் காலியாகவே வைத்திருந்தேன், எந்தத் தணிக்கைக்காரரும் ஏன் என்று கேட்கவில்லை.