உதிர்ந்த பூவுக்கு ஒரு பதில்

மிட்சம் என்ற புறநகரின் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடையில் பால் வாங்க நிற்கிறேன். அவர் கைப்பேசியில் ஜப்பானியப் பாட்டு ஓடுகிறது.

"மகள் டோக்கியோவில வேலை. சித்திரைக்கு வாறியோ எண்டு கேட்டனான், இதைத்தான் அனுப்பினவள். ஒண்டும் விளங்கேல்லை."

அந்த ஊரில் நான்கு வருடம் இருந்த எனக்கு வரிகள் புரிகின்றன. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"செர்ரிப் பூ உதிருதுன்னு பாடுறாங்க அண்ணே. அவங்க பாட்டுல அதுக்குப் பிரிவுன்னு அர்த்தம்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்புகிறார். பாட்டுக்குக் கீழே, ஈரத் தெருவில் உதிர்ந்து கிடக்கும் பூக்களின் படம். அதற்கு அவர் அனுப்பிய பதில்: 'நல்ல வடிவு, பிள்ளை.'

வெளியே என் டிராம் வந்து நிற்கிறது.

"தம்பி, திரும்பி வாறதுக்கு அவையள் என்னத்தைப் பாடுறவை?"