ஓரச் சிப்பாய்

செஸ்ஸில் ஆட்டத்தை நடுவிலிருந்து தொடங்கு என்பார்கள். நான் ஓரத்திலிருந்து தொடங்குவேன். இடது ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அடுத்ததாக வலது ஓரச் சிப்பாயையும் தள்ளிவிடுவேன். போனில் இருக்கும் கம்ப்யூட்டரைக் குழப்பிவிடலாம் என்ற நப்பாசைதான். அது ஒருநாளும் குழம்பியதில்லை. நான் எத்தனை கோணங்கித்தனம் செய்தாலும் ஒன்றும் சொல்லாமல் பதிலுக்கு ஒரு காயை நகர்த்தும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதைக்க ஆளில்லை. ஐந்து அறை வீட்டில் நான் ஒருத்தி. அண்ணை கனடாவில். அவரோடு போனில், நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று ஆடுவது ஐந்து வருடப் பழக்கம். இங்கே பின்னேரம் நாலரை என்றால் அங்கே விடிந்திருக்கும். வேலைக்கு இறங்குமுன் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவார். தேத்தண்ணீர் ஆறினாலும் நான் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டரோடு ஆடியதெல்லாம் அண்ணையை மடக்குவதற்கான ஒத்திகை.

போன ஆடியில் அந்த ஓரச் சிப்பாய் வித்தையை அண்ணையிடமே காட்டினேன். "உதென்ன விசர் விளையாட்டு?" என்று திட்டி ஒரு வரி எழுதுவார் என எதிர்பார்த்தேன். எழுதவில்லை. பதில் நகர்த்தல் மட்டும் வந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஒன்பதாவது நாள்தான் எனக்குப் பிடிபட்டது. ஒன்பதும் என் போன் கம்ப்யூட்டர் ஆடும் அதே பதில்கள், அதே வரிசை. எனக்கு அவை மனப்பாடம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராணியை வெட்டப்போகிறவர் வெட்டுமுன் "ராணியைப் பார்" என்று சொல்லியே ஆகவேண்டும். கனடா போன பிறகும் அண்ணை அதை விடவில்லை. நான் கவனமில்லாமல் ராணியை வைத்தால் அந்த இரண்டு சொல்லையும் எழுதி அனுப்பி, என் நகர்த்தலைத் திருப்பி எடுக்க விடுவார். பத்தாவது நாள் வேண்டுமென்றே ராணியை அவருடைய குதிரைக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். நாலரைக்குக் குதிரை பாய்ந்து வெட்டியது. ஒரு சொல் இல்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உது நீங்கள்தானோ விளையாடுறது?"

அண்ணை மறைக்கவில்லை.

"தைப்பொங்கலோடை ரெண்டாவது வேலையும் எடுத்தனான். யோசிக்க நேரமில்லை. விட்டிட்டன் எண்டால் நீ தனிச்சுப் போவாய் எண்டு, என்ரை இடத்திலை கம்ப்யூட்டரை ஆட வைச்சிட்டன். உங்கை நாலரைக்கு அதுவே ஆடும்."

தை தொடங்கி ஆடி வரை. ஆறு மாதம் நான் வழி பார்த்தது ஒரு கம்ப்யூட்டருக்காக. என்னைப் போல ஒரு மொக்கு எங்கள் வடமராட்சி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். அந்த ஆறு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேனே, அதுதான் இன்னும் கூட நொந்தது.

"இனி விளையாட வேண்டாம் அண்ணை. நேரம் கிடைக்கேக்கை 'இருக்கிறன்' எண்டு ஒரு சொல்லு எழுதுங்கோ. உங்கடை கையாலை எழுதுங்கோ."

"ஓம் பிள்ளை, கட்டாயம்."

அடுத்த நாளே எழுதினார். அதற்கடுத்த நாள் ஆறு மணிக்குமேல், "பஸ் பிந்திட்டுது, இருக்கிறன்" என்று வந்தது. அதைப் பத்துத் தடவை வாசித்தேன். பிறகு கிழமைக்கு ஒன்று என்று குறைந்தது. இப்போது பன்னிரண்டு நாளாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் என்றால் நாலரைக்குத் தவறாமல் வந்திருக்கும். இப்படி வராமல் இருப்பது அண்ணையேதான்.